துகள் வரிசை

பதுளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பிராவில், துஷாந்தினியின் கணினி நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரிசைக் குவாண்டம் துகள்கள் நேரம் போகப்போக எப்படி மாறும் என்பது கணக்கு. ஒன்றை அசைத்தால் அடுத்ததும் அசையும். அதனால் கணக்கைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் போட முடியாது. இடையில் சேமிக்க அந்தப் பழைய பெட்டியில் இடமுமில்லை. நாளை முடிவை அனுப்பாவிட்டால் ஆராய்ச்சிப் படிப்பு கைவிட்டுப்போகும்.

குளித்துவிட்டு வந்தாள். திரை இருண்டிருந்தது.

“கடைசிக் காம்பிராவுல எழவு விழுந்திருச்சு. இங்க டிவியும் பொட்டியும் ஓடுனா நல்லாவா இருக்கும்? வயரப் புடுங்கிட்டேன்,” என்றாள் அம்மா. “திருப்பிப் போட்டா ஓடும்தானே?”

“ஓடும்மா. மொதல்லேருந்து.”

ஆத்திரத்தோடு வாசலுக்கு வந்தாள். எந்தக் காம்பிராவிலும் அடுப்பு எரியவில்லை. கடைசிக் காம்பிராவில் நின்ற மூச்சு, வரிசை முழுவதையும் நிறுத்திக்கொண்டே அவள் மேசைவரை வந்திருந்தது.