விற்பதற்கு ஒரு காரணம்

சொந்த வீட்டின் கதவைத் தட்டுவது கஜேந்திரனுக்குக் கூச்சமாக இருந்தது. தையில் இந்த வீட்டை விட்டுப் போனவன், பொகவந்தலாவையில் அக்கா வீட்டிலிருந்து இன்றைக்குத்தான் ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்திருந்தான். தனுஜா கையில் விளக்குமாறோடு திறந்தாள்.

"வாங்க" என்று விலகி வழி விட்டாள்.

எல்லாம் தரகர் சின்னராசாவின் ஏற்பாடு. வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், புருஷனும் பெண்சாதியும் பிரிந்துவிட்டதால் விற்கிறார்கள் என்று தெரிந்ததும், ராசியில்லாத வீடு என்று சொல்லிப் போய்விட்டன. "ஒரு நாளைக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்க மாதிரி காட்டுங்க தங்கச்சி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றிருந்தார் அவர்.

வீடு கட்டும்போது கஜேந்திரன் கத்தாரில் இருந்தான். பாலர் பாடசாலை ஆசிரியையான தனுஜாதான் மேசன்மாரோடு நின்று கட்டி முடித்தாள். அவன் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோதோ, ஒரே வீட்டில் இருக்க இருவருக்குமே தெரியவில்லை. டிவி சத்தத்துக்குச் சண்டை, லைட் எரிவதற்குச் சண்டை. பிறகு சண்டையும் நின்று பேச்சும் நின்றது.

தனுஜா சுவர்களுக்கு வெள்ளையடித்து, ஈர வாடை போக அறைகளில் தணல் சட்டி வைத்திருந்தாள். கஜேந்திரன் கொண்டுவந்த சட்டைகளை அலுமாரியில் மாட்டினான். குளியலறையில் தன் சவர சாமான்களை வைத்தான்.

"கட்டில் ஏன் சின்ன ரூம்ல கெடக்கு?"

"அங்கதான் குளிரு கொறவு."

பெரிய அறைக்கு மாற்ற இருவருமாகத் தூக்கினார்கள். கட்டில் வாசலில் சிக்கிக்கொண்டது. "சாய்ங்க, சாய்ங்க, இந்தப் பக்கம்" என்று தனுஜா கத்த, அவன் மறுபக்கம் சாய்க்க, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு தனுஜாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். வெளியே பனிமூட்டம் ரோட்டை மறைத்திருந்தது.

அலுமாரிக்குப் பின்னால் இருந்த கல்யாணப் போட்டோவை அவன் எடுத்து மாட்டி, "நேரா இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு" என்றாள், பார்க்காமலே.

சின்னராசா கூட்டி வந்தவர்கள் பேரின்பநாயகமும் அவர் மனைவி குணபூசணியும். யாழ்ப்பாணத்து ஆசிரியர், வேலை கிடைத்த நாளிலிருந்து ஹட்டனில் வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர். அவர் கஜேந்திரனோடு பின்பக்கத்து மலைச்சரிவைத் தாங்கும் அணைச்சுவரைப் பார்க்கப் போனார். குணபூசணி தனுஜாவோடு சமையலறைக்கு வந்தார்.

"நல்ல வீடு. ஏன் பிள்ளை விக்கிறியள்?"

"அவருக்கு கொழும்புல வேலை கெடச்சிருக்குங்க."

தேத்தண்ணி குடிக்க எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் வந்தது.

"கொழும்புக்குப் போகினமாம்" என்றார் குணபூசணி கணவரிடம்.

"கொழும்போ? கனடாவுக்கு எண்டெல்லோ தம்பி இப்ப சொன்னவர்."

சின்னராசா இருமினார். கஜேந்திரன், "கொழும்பு போயி, அங்கருந்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். கட்டிலையும் போட்டோவையும் கவனித்தவர்கள், என்ன காரணம் சொல்வதென்று தங்களுக்குள் பேசி வைக்கவில்லை.

ஆசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார். புதிதாய் அடித்த வெள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. பின்னாலை மண் சரியுதோ? வெடிப்பு ஏதும் கண்டு பூசி மறைச்சிருக்கிறியளோ?"

தனுஜாவுக்கு முகம் சூடாகிவிட்டது. "அந்தச் சொவத்த மழையில கொடை புடிச்சிக்கிட்டு நின்னு கட்டுனேன் சேர். போன வருசத்து மழைக்கும் ஒரு கீறல் விழல." மூச்சு வாங்கினாள். "நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோம். அதனாலதான் விக்கிறோம். இவரு இங்க இல்ல, இன்னிக்கி காலையிலதான் வந்தாரு."

"அவ்வளவுதானோ?" என்று குணபூசணி பெருமூச்சு விட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு தனுஜாவின் கையைப் பிடித்தார். "ஐயோ, குறை நினைக்காதேங்கோ பிள்ளை. மலை சரியுற பயத்திலை வாய் தவறிட்டுது."

ஆசிரியர் மறுபடியும் பின்பக்கம் போனார். சுவரைத் தட்டினார், வடிகானில் தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்தார். நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி எல்லோரும் கிளம்பினார்கள்.

"அத்தன பேரு முன்னால சொல்லணுமா?" என்றான் கஜேந்திரன்.

"சொல்லாட்டி வீட்டு மேல பழி விழுந்திருக்கும்."

"நம்ம மேல விழுந்தா பரவாயில்லயா?" அவன் அலுமாரியிலிருந்து சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தான். "கட்டில தூக்குறப்ப நான் என்னமோ நெனச்சிட்டேன் தனு."

"நானுந்தான் நெனச்சேன்" என்றாள் அவள். "ஒரு நாளு சிரிச்சிட்டு திரும்பவும் அந்த மாதிரி பேசாம கெடக்க என்னால முடியாதுங்க. அதனாலதான் சொல்லிட்டேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனான்.

அவளால் உட்காரவே முடியவில்லை. சின்னராசாவுக்கு போன் போட்டாள். "டிக்கோயா பக்கம் வாடகைக்கு ஒரு ரூம் பாக்கணும். நாளைக்கே."

"அவங்க இன்னும் சரின்னே சொல்லலியேம்மா?"

"சொன்னாலும் சொல்லாட்டியும் நான் போகணும்."

மறுநாள் டிக்கோயாவில் ஒரு கடைக்கு மேல் இருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் வீட்டை எடுத்துக்கொள்கிறாராம் என்று சின்னராசா போனில் சொன்னார். "சரிங்க" என்று வைத்துவிட்டு, தனுஜா குழாயைத் திறந்து பார்த்தாள்.

"தண்ணி நாள் முழுக்க வருமா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள்.