ஓடை இறங்கிய நாள்

கச்சிராயபாளையத்தைத் தாண்டிச் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டுண்டு கிடந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "ஒரு வாரத்துக்கு பஸ்ஸு கெடையாதுங்க. வூடு போய்ச் சேருங்க" என்றார். பாப்பாத்தி கக்கத்திலிருந்த கோழியைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் புருஷன் சடையனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்துக்கொள்வோம் என்று வீட்டைச் சாத்தி, மூட்டை கட்டி, விடியலில் அவளோடு மலையிறங்கியவன் அவன். வேறென்ன செய்வது? சில வருஷங்களாகக் கல்வராயன் மலை பழைய மலையாக இல்லை. காலையில் வாசல்வரை வந்து நிற்கும் மூடுபனி வருவதே இல்லை. கடுக்காய் மரம் மாதம் மாறிப் பூத்தது, தேனீக்களைக் காணோம். மழை பெய்தால் வேண்டாத மாதத்தில் பெய்தது, வேண்டிய மாதத்தில் வெயில் காய்ந்தது. ஊரோடை வெறும் கல்லாகிவிட்டது. அந்தக் கல்லோடையே இப்போது குறுக்குவழி. அதில்தான் திரும்பி ஏறினார்கள்.

பாதி மலையில் பாப்பாத்தி நின்றாள். மண்வாசனை. உச்சியில் மேகம் கறுத்திருந்தது. மேலே சருகுகள் உரசும் சத்தம்.

"பாம்பாய்யா?"

பாம்பில்லை, தண்ணீர். சருகையும் நுரையையும் எறும்புகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, குழிக்குக் குழி நின்று நிரப்பி, வழி கேட்டுக் கேட்டு வருவதுபோல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கால்விரலைத் தொட்டதும் ஜில்லிட்டது. பாப்பாத்தி கோழியைப் புருஷன் கையில் திணித்தாள்.

"கொஞ்சம் நெலம் கீறலாமாய்யா?"

"சாமைக்கிக் காலம் தப்பிப்போச்சே புள்ள."

"மழையே தப்பித்தான வருது. கொள்ளு வெதைப்போம்."

"நாளைக்கே இது நின்னுபூட்டா?"

"அத்த நாளைக்கிப் பாத்துக்கலாம். இன்னா இப்போ?"

தண்ணீர் அவளைக் கடந்தது. பாப்பாத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீட்டுக்கு ஏறாமல், அதை முந்திக் கீழே இறங்கத் தொடங்கினாள். வழியில் கிடந்த காய்ந்த மட்டைகளைக் காலால் விலக்கிவிட்டபடி, கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் போகிறவளைப்போல.

"ஏ, வூடு மேல இருக்குது!" என்று கத்தினான் சடையன். பிறகு மூட்டையைப் பாறைமேல் வைத்தான். கோழியை இடுக்கிக்கொண்டு, கணுக்காலளவு தண்ணீரில் சளக் சளக்கென்று மிதித்தபடி, அவள் சிரிப்பு கேட்ட திசையில் இறங்கினான்.