இருநூற்று முப்பதுக்குப் பின் ஒரு சிறு கோடு

மூன்று மணிக்குள் பிழை பிடிபடாவிட்டால் என் லைப்ரரியைத் தூக்கிவிட்டு, விலைக்குக் கிடைக்கிற ஒன்றை வாங்கிப் போடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் லைப்ரரி என்றால் புத்தக அலமாரி இல்லை. ஒரு வேலைக்கான கணினி நிரல்களின் கட்டு. என்னுடையது எஃப்டிபி என்ற பரிமாற்ற முறையில், சர்வர்கள் எனும் வெளிக் கணினிகளிலிருந்து கோப்புகளைக் கொண்டுவருவது. பதினோரு மாத உழைப்பு. என் மகள் நடக்கப் பழகியபோது அது கோப்பு இறக்கப் பழகியது.

இருபத்தேழு சர்வர்களிடம் சமர்த்தாக இருந்தது, புது வாடிக்கையாளரின் சர்வரிடம் மட்டும் பேதலித்தது. எஃப்டிபி ஓர் உரையாடல்தான். நாம் ஒரு கட்டளை அனுப்புவோம். சர்வர் மூன்று இலக்க எண்ணோடு பதில் சொல்லும். மணி இரண்டேகால். அந்த உரையாடலின் பதிவுகளை நூறாவது முறையாகப் படித்தேன். கோப்பு வகையைச் சொன்னால், "200 பேர் வரை வரலாம்" என்கிறது. எந்தக் கதவு வழியாகக் கோப்பு தருவாய் என்று கேட்டால், "230 உள்ளே வந்தாயிற்று" என்கிறது.

நாற்காலி பின்னால் உருண்டது. நான் எழுந்து நின்றிருந்தேன். அது உளறவில்லை! நான் உள்நுழைந்தபோது சொல்லத் தொடங்கிய வரவேற்பை இன்னும் முடிக்கவில்லை. நான்தான் முதல் வரியைக் கேட்டதுமே அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன். அந்த முதல் வரி: "230-வருக". எண்ணுக்குப் பின் ஒரு சிறு கோடு. பேச்சு இன்னும் இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

உடனே திருத்தினேன். மூன்று இலக்கமும் இடைவெளியும் வரும்வரை காத்திரு. ஓட்டினேன். மறுபடி அதே பேதலிப்பு.

அப்போதுதான் திங்கட்கிழமை நினைவு வந்து காது சுட்டது. எங்கள் சோதனையாளரை எல்லோரும் ஆமை என்போம். பேசும்போது நடுநடுவே நின்றுவிடுவாள். "அக்கா, அந்த வரவேற்புல ஒரு சின்னக் கோடு..." என்று அன்று தொடங்கினாள். "அலங்காரம், விடு" என்று நான் வெட்டிவிட்டேன். அம்மா என்னை முந்திரிக்கொட்டை என்பாள். என் சுபாவத்தையே நான் நிரலாக எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் மேசைக்கு ஓடினேன்.

"திங்கக்கிழமை என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு."

"இப்பவா? மூணு நாள் ஆச்சு. ஆமையே வீடு போய்ச் சேர்ந்திருக்கும்."

"திட்டு, அப்புறம் திட்டு. இப்ப சொல்லு."

"கோடு வந்தா... இன்னும் வரி இருக்குன்னு அர்த்தம்."

அது தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தொன்று. அவள் தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகினாள். இப்படி ஒருத்தியின் பேச்சுக்காக நான் எப்போது காத்திருந்தேன்? வீட்டில் அவர், "என்னை முடிக்க விடுறியா?" என்று கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் தொடங்குவதே இல்லை. அது இந்த நிமிடம்தான் உறைத்தது.

"ஆனா... நடுவுல வர்ற வரி என்ன எண்ல வேணா ஆரம்பிக்கலாம்க்கா. இருநூறு பேர்னு இருக்கு பாருங்க, அது பதில் இல்ல, வெறும் பேச்சு. தொடங்கின அதே எண்... இடைவெளியோட திரும்பி வந்தாத்தான் முடிவு."

இருநூறு பேர்! மூன்று இலக்கம், பின்னால் இடைவெளி; நான் அதையே முடிவென்று எடுத்திருக்கிறேன். அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினேன். ஒரு வரித் திருத்தம். ஓட்டினேன்.

முதல் கோப்பு வந்தது. இரண்டாவது. ஏழாவது. பிறகு எண்ண முடியவில்லை. திரை அருவி போல் ஓடியது. நான் போட்ட கூச்சலில் மேலாளர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மணி இரண்டு ஐம்பத்தாறு.

"என்ன, வந்துடுச்சா?"

"அறுநூத்திப் பதினாலும் வந்துடுச்சு சார்!"

"அப்ப விலைக்கு வாங்க வேணாம். ஆர்டர் பேப்பரைக் கிழிச்சுப் போடுறேன்." சொல்லிவிட்டு அவர் நகர, என் பின்னாலேயே வந்திருந்த ஆமை வாயைத் திறந்தாள்.

"சார், அதை..."

அவர் கதவில் கை வைத்துவிட்டார். "நில்லுங்க சார்," என்றேன், "அவ இன்னும் முடிக்கல."