நூற்றுத் தொண்ணூற்றெட்டுக் குதிரைகள்

இத்தாலியில் பெசாரோ ஊருக்கு வெளியே இருந்த மெங்கோத்ஸியின் மோட்டார்சைக்கிள் பந்தயப் பட்டறையில் அன்று முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வருஷப் பந்தயத்துக்கு எந்த இன்ஜின் போகும்? மெக்கானிக் இவானோ நாலு குளிர்காலம் சோறு தூக்கமில்லாமல் கட்டிய ஐந்நூறு சிசி டூ-ஸ்ட்ரோக்கா, முதலாளி வெளியே வாங்கிவந்த தொள்ளாயிரத்துத் தொண்ணூறு சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கா? சோதனை மேடையில் சக்தி குறைந்தது கொட்டகைக்குப் போகும். கூடவே இவானோவும் போன மாதிரிதான்.

என்ன நியாயம் இது? ஏறக்குறைய இரண்டு மடங்கு வயிறு உள்ளவனோடு மல்லுக்கு நில் என்கிறது புது விதி. கேட்டால், உன்னுடையது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கிறது, அது இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதானே, கணக்கு சரியாகப் போயிற்று என்கிறார்கள். விதி எழுதினவன் நாசமாய்ப் போக!

முதலில் ஃபோர்-ஸ்ட்ரோக் ஓடியது. நூற்றுத் தொண்ணூற்றாறு குதிரை சக்தி.

மேடையை இயக்கும் நிவேஸ் கைதட்டினாள். "அண்ணே, உங்க கொசுப்புகை மெஷினை ஏத்துங்க. கடற்கரைப் பக்கம் கொசு தாங்கலையாம்."

"சிரிடி, நல்லாச் சிரி. பத்து நிமிஷத்துல மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கறேன்."

இவானோ இன்ஜினை ஏற்றி, கேனை எடுத்துப் பெட்ரோலை ஊற்றி, முடுக்கினான். பட்டறையே அலறியது. திரையில் நூற்று எழுபது, எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு!

"மாதாவே!" என்று எழுந்துவிட்டார் மெங்கோத்ஸி.

அதே நொடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். உள்ளே பிஸ்டன் இறுகித் தண்டு பூட்டிக்கொண்டது. எல்லாம் அடங்கிப்போயிற்று.

இவானோ கேனில் மிச்சமிருந்ததில் விரலை நனைத்துத் தேய்த்தான். வழுவழுப்பு இல்லை. எண்ணெயின் நீலமும் இல்லை. வெறும் பெட்ரோல். டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினால்தான் உள்ளே வழுக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக் தன் எண்ணெயைத் தனியாகத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும்; அதற்கு வெறும் பெட்ரோல் போதும். முதலாளி சொன்னாரென்று மூன்று வாரம் அதற்கு ஊழியம் செய்ததில் பாழாய்ப்போன கை பழகிவிட்டது.

"முதலாளி, இன்ஜின் மேல தப்பில்ல. நான்தான் எண்ணெய் கலக்காம ஊத்திட்டேன். பிஸ்டனை மாத்திட்டு இன்னும் ஒரே ஒரு தடவை..."

மெங்கோத்ஸி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நம்பறேண்டா. நீ பொய் சொல்ற ஆளில்ல. தொண்ணூத்தெட்டை நானும் பாத்தேன். சக்தியில ஜெயிச்சது உன்னுதுதான்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஆனா நாப்பது வருஷமா எண்ணெய் கலக்கறவன் நீயே மறப்பேன்னா, பந்தயத்தன்னிக்கு எவன்டா மறக்க மாட்டான்? முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல இப்படிப் பூட்டிக்கிட்டா, மேல உக்காந்திருக்கற பையன் என்ன ஆவான்?"

இவானோ கேனை மூடி ஓரமாக வைத்தான். நிவேஸ்கூட இப்போது சிரிக்கவில்லை. திரையை அணைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? இருந்திருந்தால், தாக்குப்பிடிக்காத இன்ஜின் என்ற கெட்ட பெயரோடு செத்திருக்கும். உண்மையைச் சொன்னான், ஜெயித்தும் செத்தது. எப்படிப் பார்த்தாலும் கொன்றவன் அவன்தான்.

"கொட்டகைச் சாவி எங்க, முதலாளி?" என்று கேட்டான் இவானோ.