நிரப்பி வைத்த பாட்டில்

1

இந்தக் கதை ஒரு உருண்டைப் புளியில் தொடங்கியது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு டோரதி பழைய புளி கேட்டு வந்தாள். "குழம்புக்கு இல்லக்கா. அவரு தண்ணி பாட்டில்ல துரு பிடிச்சுப்போச்சு." கண் சிவந்திருந்தது. மற்றதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டதும் நானாகக் கட்டியதும்.

கதைக்கு நான் முதலில் எழுதிய வரி இப்படி இருந்தது: 'துருவும் துயரமும் உள்ளிருந்தே...' அடித்துவிட்டேன். டோரதிக்கு இப்படியெல்லாம் பேச நேரமில்லை.

2

எழுபத்து நாலு, மே மாதம். ரயில்வே ஸ்டிரைக்குக்கு முந்தைய நாள். மறுநாள் வேலை இல்லை என்று தெரிந்தும், பழக்கத்தில் வெந்நீரை ஆற்றிக் கணவனின் பாட்டிலை நிரப்பினாள் டோரதி. (எனாமல் பூசிய இரும்பு பாட்டில். உள்ளே ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்திருந்தது.) அன்றிரவே, யூனியன்காரனான அவள் கணவன் இன்னாசிராஜ் கொல்லை வழியாகத் தலைமறைவானான். பாட்டில் தங்கிவிட்டது.

விடிந்ததும் போலீஸ்காரர் வந்தார். "எங்கம்மா ஒளிஞ்சிருக்கான்?"

"ஒளியலையே சார். மார்க்கெட்டு வரைக்கும் போயிருக்காரு. வந்ததும் டூட்டிக்குத்தான் போறாரு. பாருங்க, தண்ணிகூட ரொப்பி வச்சிருக்கேன்."

அவர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, வீட்டைக் கலைக்காமல் போனார். மறுபடி மறுபடி வந்தார். அதே பதில், அதே பாட்டில்.

தண்ணீரையாவது மாற்றியிருக்கலாமே என்பீர்கள். பயத்தில் தோன்றவில்லை என்று எழுதுகிறேன். நம்ப முடியவில்லை என்றால், நீங்கள் போலீஸுக்குக் கதவு திறந்தவரில்லை.

3

ஸ்டிரைக் தோற்றது. இன்னாசிராஜ் தாடியோடு திரும்பினான். மறுநாள் காலைச் சங்குக்கு ஒர்க்‌ஷாப் போக வேண்டும். தோழர்கள் பார்த்திருக்க, பாட்டிலைத் திறந்து முற்றத்தில் கவிழ்த்தான். செங்காவியாகக் கொட்டியது.

"நான் காட்டுலயும் மேட்டுலயும் கிடந்தேன். ஒரு பாட்டிலைக் கவுத்து வைக்க உனக்கு உடம்பு வணங்கலயாடி?"

"விடு இன்னாசி, தங்கச்சி நிம்மதியாத் தூங்கியிருக்கும்" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

பாட்டில் ஏன் நிரம்பியே இருந்தது என்று அவளால் சொல்ல முடியாது. அவன் டூட்டிக்குப் போவான் என்று போலீஸிடம் சொன்னது தெரிந்தால், கட்டின பெண்டாட்டியே தன்னை ஸ்டிரைக்கை உடைத்த கருங்காலி ஆக்கிவிட்டாள் என்பான். சோம்பேறி என்ற பெயர் அதைவிட மேல்.

4

துரு எடுப்பது சுலபம். புளி கரைத்த வெந்நீர், ஒரு பிடி நொய்யரிசி, கை ஓயும்வரை குலுக்கல். (மணல் கூடாது, இருக்கிற எனாமலும் போய்விடும். டோரதி ஆத்திரத்தில் நொய்யரிசிக்குப் பதில் மணல்தான் போட்டாள்.) பிறகு மூடியைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். துரு வராமலிருக்க, நிரப்பி மூடியே வைத்திருக்கக் கூடாது. இதையே டோரதிக்கும்...

வேண்டாம்.

5

ஒரு முடிவு: அவள் சொல்லிவிடுகிறாள், அவன் அழுகிறான். இன்னாசிராஜ் அழ மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

இன்னொன்று: போலீஸ்காரர் தெருவில் அவனை நிறுத்தி, "டூட்டிக்கா? உன் சம்சாரம் அப்பவே சொல்லுச்சே" என்கிறார். இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதப் பயமாக இருக்கிறது.

சங்கு ஊதப் போகிறது. டோரதி காலி பாட்டிலோடு குழாயடியில் நிற்கிறாள். உள்ளேயிருந்து அவன் குரல்: "தண்ணி ரொப்பிட்டியா?"

'ரொப்பி வச்சிருக்கேன்' என்று போலீஸிடம் அத்தனை முறை சொன்ன அதே பதிலைத்தான் இவனுக்கும் சொல்ல வேண்டும்.

நான் குழாயைத் திறக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் திறந்துகொள்ளுங்கள். ஆனால் அவன் கேட்டதற்குப் பதிலையும் நீங்களே சொல்லுங்கள்.