ஏமாந்தவர் எழுதிக் கொடுத்த கடதாசி

“பத்திநாதர் வீடு இதுவோ?”

“ஓம். நீங்கள் ஆர்?”

“கொழும்பிலயிருந்து வாறன், அக்கா. பாலசிங்கம் எண்டு பேர். அவருக்கு ஒரு சாமான் காட்டவேணும்.”

படலையில் நின்றவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சேட்டு, காலில் புழுதி. துவாயால் சுற்றிய எதையோ பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். பத்திநாதர் என் தம்பி. ஊர்காவற்றுறையில் அவனோடும் அவன் மனுசி மேரிசுகந்தியோடும்தான் நான் இருக்கிறேன். கடலால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் எழும்பி வந்தான். வந்தவர் துவாயை விரித்தார். சிப்பியும் சுண்ணாம்பும் படிந்த ஒரு கறுத்தப் போத்தல்.

“அட, எங்கட போத்தல்!” என்றான் என் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

“உங்கடயோ?”

“எங்கட றொஜன்ர. நாலு பெட்டி தந்தவன். நான்தான் கடலுக்குள்ள இறக்கி, ஒரு வருசம் வைச்சிருந்து எடுத்துக் குடுத்தனான். பிரான்சில வைனை அப்பிடித்தான் உறங்க விடுறவையாம். பிறகு நல்ல விலை போகுமாம்.”

றொஜன் என் தம்பியின் ஞானமகன். கோயிலில் அவனைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுப்பித்தவன் பத்திநாதன்தான். பாரிசில் பெரிய சாப்பாட்டுக்கடை ஒன்றில் பத்து வருடம் வைன் ஊற்றிக் கொடுத்தவன், இப்போது கொழும்பில் வியாபாரம் செய்கிறான்.

பாலசிங்கம் கதிரையில் இருந்தார்.

“அண்ணை, அவர் எங்களுக்குச் சொன்னது வேற கதை. நெடுந்தீவுக்கு அங்கால ஒல்லாந்தற்ற கப்பல் ஒண்டு தாண்டு கிடக்குதாம். அதில இருந்த வைனாம். இருநூற்றைம்பது வருசமாம். உங்கட வலையில ஏறினதாம்.”

“என்ர வலையிலயோ?”

“உங்கட வலையிலதான். நான் ஒரு ஹோட்டலுக்கு வைன் வாங்கிறவன். பன்ரண்டு போத்தல் வாங்கிப்போட்டன். ஒண்டைத் திறந்து வாயில விட்ட உடன விளங்கீற்றுது. ரெண்டு மூண்டு வருசத்து மலிவுச் சரக்கு. துப்பினன்.”

குசினி வாசலில் நின்ற மேரிசுகந்திக்குப் பொறுக்கவில்லை. “கூடாதெண்டோ துப்பினியள்?”

“இல்லை, தங்கச்சி. நல்லதெண்டாலும் துப்பத்தான் வேணும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது ருசி பார்க்கிறது. அதுதான் தொழில்.”

“இவ்வளவு விலை குடுத்து வாங்கித் துப்புறதோ! எங்கட மனுசன் கள்ளை அப்பிடித் துப்பியிருந்தா நாங்கள் இண்டைக்கு மாடிவீட்டில இருப்பம்.”

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றான் பத்திநாதன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. “ஐயா, என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“சிப்பியைச் சுரண்டிப் பார்த்தன். மூடியின்ர மெழுகில இது இருந்தது.”

இரண்டு கோடு, நடுவில் ஒரு தூண்டில் வளைவு. எங்கள் வீட்டுக் குறி. எங்கள் கடலில் குறியில்லாமல் ஒரு பொருளும் இறங்காது. மிதவையிலும் மீன்கூட்டிலும் நங்கூரக் கல்லிலும் வீட்டுக்கு வீடு வேறு குறி இருக்கும். அறுந்து போனதை எவன் கண்டெடுத்தாலும், குறியைப் பார்த்து அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவான். றொஜனின் போத்தல்களை இறக்கிய அன்றும் என் தம்பி வள்ளத்தில் இருந்தபடி, கத்தியை எடுத்து ஒவ்வொன்றிலும் குறி கீறிவிட்டுத்தான் இறக்கியிருக்கிறான். றொஜன் அன்று வள்ளத்தில் இல்லை. பிறகு சிப்பி வளர்ந்து மூடிவிட்டது.

“இறங்குதுறையில முதல் கண்ட ஆளிட்ட இந்தக் குறியின்ர படத்தைக் காட்டினன். ‘இது பத்திநாதர் வீட்டுக் குறியல்லோ, எங்க கண்டெடுத்தனீங்கள்?’ எண்டு கேட்டு, சைக்கிளில முன்னுக்குப் போய் வழி காட்டினார்.”

“அப்ப நான் கள்ளன் எண்டு பிடிக்க வந்தனீங்களோ?”

“கள்ளன் தன்ர அடையாளத்தை வைச்சுக் களவெடுப்பானோ, அண்ணை? அதாலதான் பொலிசுக்குப் போகமுதல் இஞ்ச வந்தனான். ஆனா இதையும் ஒருக்காப் பாருங்கோ.”

கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ. என் தம்பி வள்ளத்தில் நின்று, சிப்பி மூடிய பெட்டியை இழுத்தெடுத்துச் சிரிக்கிறான். றொஜன் பிடித்த படம். அதற்கு மேலே றொஜனின் குரல், ஒல்லாந்தக் கப்பல் கதை சொல்கிறது.

“வாங்கின எல்லாருக்கும் இதைத்தான் காட்டியிருக்கிறார். பொலிசுக்கு முதல் தெரியப்போறது அவற்ற முகமில்லை, உங்கட முகம். நீங்களாப் போய் உண்மையைச் சொன்னா சாட்சி. அவை வந்து பிடிச்சா கூட்டாளி.”

மேரிசுகந்தி தலையில் கை வைத்தாள். “வெளிக்கிடுங்கோ. இப்பவே பொலிசுக்குப் போங்கோ.”

“அவனைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுறியோ? நான் அவன்ர ஞானத்தகப்பனெல்லோ.”

“ஞானத்தகப்பன் எண்டா களவை மூடுற மூடியோ?”

“அக்கா, நீங்கள் சொல்லுங்கோ,” என்றான் தம்பி என்னைப் பார்த்து.

தாய் செத்த பிறகு நான் வளர்த்த தம்பி. அவன் மறியலில், கம்பிக்குப் பின்னால் இருப்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. “அண்டைக்கு ஞானஸ்நானத் தொட்டியடியில நீ என்னத்தைச் சொன்னனி, பத்தி?” என்று மட்டும் கேட்டேன்.

“சாமியார் கேட்டவர், பசாசை விட்டுவிடுகிறாயா எண்டு. அவன் கைக்குழந்தை. அவனுக்காக நான்தான் சொன்னனான், விட்டுவிடுகிறேன் எண்டு.”

“அப்ப அதைப் போய் அவனிட்டச் சொல்லு.”

றொஜனுக்குத் தொலைபேசி எடுத்தான். இவன் பேசமுதல் அவன் முந்திக்கொண்டான். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“மாமா, உங்களிட்ட ஆரும் வந்து கேட்டா வாயைத் திறக்காதேங்கோ.”

“வாயைத் திறக்கத்தான் எடுத்தனான், தம்பி. இப்ப பொலிசுக்குப் போறன். எனக்கு முந்தி நீ போனியெண்டா உனக்கு நல்லது.”

“விசரோ உங்களுக்கு? வாங்கினவங்கள் எல்லாம் பெரிய காசுக்காரர். ஒருத்தனும் வெக்கத்தில வெளிய சொல்லமாட்டான். நீங்கள் ஏன் துள்ளுறியள்?”

“உனக்காகச் சொன்ன சொல்லொண்டு கிடக்குது. நான் அதைக் காப்பாத்த வேணும்.”

அந்தப் பக்கமிருந்து தூசண வார்த்தைகள் வந்தன. பிறகு தொடர்பை வெட்டினான்.

பாலசிங்கம் வந்த வான் வண்டியிலேயே அவரும் தம்பியும் நானும் போனோம். பொலிசில் ஒரு இளம் அதிகாரி, எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு வீடியோவை இரண்டு தரம் பார்த்தார்.

“ஐயா சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா படத்தில இருக்கிறவர் இவர். இவரையும் மறிச்சு வைக்கத்தான் வேணும். ஏமாந்த ஆக்கள் ஒருத்தரும் முறைப்பாடு தரேல்லை. இவர் தெரியாமச் செய்தவர் எண்டு ஆர் சொல்லுறது?”

எனக்கு அந்த வாங்குப் பலகையில் இருக்க ஏலாமல் போயிற்று. செபமாலையைத் தேடினேன், வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“நான் சொல்லுறன்,” என்றார் பாலசிங்கம். “ஏமாந்தவன் நான். கடதாசி தாங்கோ.”

“யோசிச்சுப் பாருங்கோ, ஐயா. இது வழக்காகிக் கோட்டுக்குப் போகும். பேப்பரில வரும்.”

“வரட்டும். இருபத்தாறு வருசமா வைன் பார்க்கிற ஆள், சிப்பியைக் கண்டு மயங்கி, திறந்து பாராமக் காசைக் குடுத்தனான் எண்டு எழுதுறன். ஏமாந்தனான் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனமில்லை. அதாலதான் இந்தக் களவு இவ்வளவு நாளும் ஓடுது.”

மூன்று பக்கம் எழுதினார். பேனை ஓரிடத்தில் நின்றது, பிறகு ஓடியது. குறியைப் பற்றியும், இறங்குதுறையில் நின்ற ஆள் சொன்னதைப் பற்றியும், ‘எங்கட போத்தல்’ என்று என் தம்பி சிரித்ததைப் பற்றியும் எழுதினார். அவரை எங்களுக்குத் தெரிந்து ஆறு மணித்தியாலம்கூட இல்லை. பொழுதுபடமுதல் என் தம்பியைச் சாட்சி என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

றொஜனை இரண்டு நாளில் கொழும்பில் பிடித்தார்கள். வழக்கு நடக்கிறது. என் தம்பி மாதம் ஒருக்கால் மறியலுக்குப் போய் அவனைப் பார்க்கிறான். முதல் இரண்டு தரமும் றொஜன் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் தரம், “மாமா, குளிக்கச் சவுக்காரம் கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டானாம். அவன் வாய் திறந்ததே பெரிய கதைதான் என்று பத்தி சொல்கிறான்.

போன கிழமை நான் பாலசிங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தம்பி, ஹோட்டலில என்ன சொன்னவை?”

“வைன் பக்கம் போகவேண்டாமாம், அக்கா. கலியாண விருந்துக்குச் சோடா தெரிவு செய்ய விட்டிருக்கினம்.”

“ஐயோ, எங்களாலதானே.”

“சோடாவைத் துப்பத் தேவையில்லை, அக்கா. அது ஒரு லாபம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்படி நன்றி சொல்கிறது என்று ஒரு கிழமையாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வளவுக்குள் ஒரே சத்தம்.

“என்னக்கா அங்க? ஆர் ஏசினம்?”

“பத்தியும் மேரிசுகந்தியும்தான். பிரளி மீனை ஏன் கழுவாமக் குசினிக்குள்ள கொண்டந்தனீங்கள் எண்டு அவள் கத்துறாள். காலமை பிடிச்ச மீனுக்கு என்ன கழுவல் எண்டு அவன் கத்துறான்.”

“தொலைபேசியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடியுங்கோ, அண்ணை வீட்டில நிண்டு கத்துறதைக் கேட்கவேணும்,” என்றார்.

பிடித்தேன். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.