கறுப்பு, வெள்ளை, ஒரு கூவல்

காலை 5.10-க்கு மொட்டை மாடிக் கூண்டிலிருந்து ஒரே ஒரு கூவல். பாதியில் உடைந்த கூவல். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் கறுப்பு, வெள்ளை இரண்டு சில்க்கிக் கோழிகளும் ஒன்றும் நடக்காததுபோல் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன.

வீட்டுக்காரர் பாண்டியன் அண்ணனும் கேட்டுவிட்டார். சேக்காட்டில் இந்த மாடி அறையை எனக்கு வாடகைக்கு விட்டபோதே சொல்லியிருந்தார்: பெட்டை இருக்கலாம், சேவல் கூடாது.

"இன்னாம்மா, காலங்காத்தால கச்சேரியா? எது சேவலு, காட்டு. போற வழில கறிக்கடைல குடுத்துட்றேன்."

"இந்த ஜாதியில ஆறு மாசம் ஆகாம சொல்றது கஷ்டம்ண்ணே."

"அப்ப ரெண்டத்தையும் எடுத்துக்கவா? நோட்டுலாம் போட்டு எழுதிகினு கீற, பாத்து சொல்லு. ஏழு மணிக்கு கெளம்புறேன்."

மாலை வகுப்பு முடிந்து வந்ததும் கோழிகளைப் பற்றித் தினமும் எழுதுகிற நோட்டு. முதல் பக்கத்தில் விதி இருந்தது: சேவலுக்கு உச்சிமுடி பின்னால் வாரியதுபோல் நீளும், பெட்டைக்குப் பந்துபோல் உருண்டிருக்கும். மூன்று முறை பார்த்தேன். கறுப்புக்கு உருண்டை. வெள்ளைக்கு நீளமாகப் பின்னால் சரிந்திருந்தது. ஏழு மணிக்கு வெள்ளையை அவர் நீட்டிய துணிப்பைக்குள் விட்டேன். அது கொத்தக்கூட இல்லை.

அவர் படியிறங்கினார். நான் நோட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய பக்கம், என் கையெழுத்து: 'கறுப்புக்கு முடி கண்ணை மறைக்கிறது. கத்தரித்து வட்டமாக்கினேன்.'

எழுதியதையே மறந்திருக்கிறேன்.

கறுப்பின் அலகுக்கு மேலே விரல் வைத்தேன். முடிக்கடியில் கொண்டை அகலமாகத் தடித்திருந்தது. கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். செருப்பில்லாமல் ஓடினேன்.

"அண்ணே, நில்லுங்க! அது பெட்டை!"

"படி எறங்கறதுக்குள்ள மாறிடுச்சா?"

பைக்குள் கைவிட்டுத் தடவினேன். வெள்ளைக்குக் கொண்டை அரிசி அளவுகூட இல்லை. "மேல இருக்கறதுதான் சேவல்."

"செரி, அத்த எடுத்துகினு வா."

"அதை நானே கொண்டு போயிடறேன்ண்ணே. வேப்பம்பட்டுல என்கூடப் படிக்கிற ஹேமாவதி வீட்ல தோட்டம் இருக்கு. இப்பவே போறேன்."

அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு இது கூவுச்சுன்னா, உன்ன கேக்கவே மாட்டேன், நேரா கறிக்கடைதான்."

ஹேமாவதியிடம் நான் கேட்டிருக்கவில்லை. ரயிலில் கறுப்பை வைத்த அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டையை அளக்காமல் தடவிப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டோமே என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பட்டாபிராம் தாண்டியதும் பெட்டிக்குள்ளிருந்து உடைந்த குரலில் ஒரு கூவல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நோட்டை எடுத்து மணி பார்த்துக் குறித்தேன்: 8.05.